மண்டலத்தை மாற்றினால் பெயர் ஏன் அழிகிறது?

திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் ஒன்றில் ஒரு சின்ன இன்டர்நெட் சென்டர் இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கணினி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா கணினி முன் உட்கார்ந்து ஏதோ ஒரு விண்ணப்பத்தை ஒற்றை விரலால் நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், கணவர் பெயர், கதவு எண் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அடுத்து மண்டலம். பட்டியலைத் திறந்து 'அடையாறு' என்பதைத் தேர்ந்தெடுத்தார். பக்கம் முழுதும் புதிதாக ஏறவில்லை. படிவம் மட்டும் ஒரு கணம் வெளுத்துத் திரும்பியது. கீழே வார்டு பட்டியல் நிரம்பியிருந்தது. மேலே பெயர் இருந்த கட்டம் காலி.

"தம்பி, அடிச்சதெல்லாம் போயிடுச்சுப்பா."

ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்த பையன் நிமிரவில்லை. "மண்டலத்த முதல்ல போட்டுடுங்கம்மா, அப்புறம் பேர அடிங்க. எல்லாருக்கும் அப்படித்தான் ஆவுது."

எல்லாருக்கும் அப்படித்தான் ஆகிறது. அந்த அம்மா தன் விரலைத்தான் நொந்துகொண்டார். ஆனால் அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. இப்படிப்பட்ட படிவங்களை எழுதுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. கோளாறு எந்த இடத்தில் இருக்கும் என்பதை அந்த ஒரு கண வெளுப்பே எனக்குச் சொல்லிவிட்டது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

வலைப்பக்கம் என்பது பெட்டிக்குள் பெட்டி. வெளிப்பெட்டி படிவம். அதற்குள் 'முகவரி' என்றொரு பெட்டி. அதற்குள் மண்டலம், வார்டு, தெரு என்று மூன்று சின்னப் பெட்டிகள். இப்படிப்பட்ட ஒவ்வொரு பெட்டியையும் நிரல் எழுதுபவர்கள் காம்பொனென்ட் என்கிறோம். சென்னை மாநகராட்சியே அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. 2011-ல் எல்லை விரிந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனபோது 15 மண்டலம், 200 வார்டு என்று பிரித்தார்கள். திருவான்மியூர் 13-வது மண்டலமான அடையாறில் வருகிறது. மண்டலத்தைச் சொன்னால்தான் எந்த வார்டுகளைக் காட்டுவது என்று தெரியும். வார்டைச் சொன்னால்தான் தெருக்களைக் காட்ட முடியும்.

முன்பெல்லாம் இதற்கு வழக்கமான வழி இதுதான். மண்டலத்தைத் தேர்ந்தெடுத்ததும் முழுப் படிவத்தையும் சர்வருக்கு அனுப்புவார்கள். சர்வர் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதி அனுப்பும். திரை வெள்ளையாகி, மேலிருந்து கீழாக மீண்டும் வரையப்படும். பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்னணியில் சர்வரோடு பேசும் வசதி 1999-ல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல் வந்தது. அவர்களுடைய அவுட்லுக் மின்னஞ்சலை பிரவுசரிலேயே படிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மற்ற பிரவுசர்களும் அதைப் பின்பற்றின. ஆனாலும் சில ஆண்டுகள் பலர் அதைக் கவனிக்கவில்லை. 2004 ஏப்ரல் 1-ல் ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. அதே மாதம் 18-ம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வடிவமைப்பாளர் ஒரு கட்டுரையில் இந்த முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததும் காட்டுத்தீ போலப் பரவியது. அந்த ஆண்டே சென்னையிலிருந்து இயங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம் பிரவுசருக்குள்ளேயே கடிதமும் கட்டுரையும் எழுத உதவும் ஜோஹோ ரைட்டரை வெளியிட்டது. பின்னாளில் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆனது.

2004 என்றதும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மயிலாப்பூரோடு நின்றிருந்த பறக்கும் ரயில் அந்த ஆண்டு ஜனவரி 26-ல்தான் திருவான்மியூர் வரை நீண்டது. வேளச்சேரிக்குப் போக 2007 ஆனது. இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டு, டைடல் பார்க்குக்கும் அதைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன அலுவலகங்களுக்கும் வந்த என்னைப் போன்றவர்களுக்குத் திருவான்மியூர்தான் கடைசி ஸ்டேஷன். அந்த அலுவலகங்களில் ஒன்றில்தான் நான் வலைப்பக்கங்களைக் கட்ட உதவும் விக்கெட் என்ற ஃப்ரேம்வொர்க்கைக் கற்றுக்கொண்டேன். ஜோனதன் லாக் 2004-ல் தொடங்கியது அது; 2007-ல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது. ஜாவா மொழிக்கானது. அடுக்குப் பெட்டிகளை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கருவி வேறொன்றை நான் பார்த்ததில்லை. அதனால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற ஃப்ரேம்வொர்க்குகளிலும் சிக்கல்கள் இவையேதான்.

விக்கெட்டில் திரையில் தெரியும் ஒவ்வொரு பெட்டிக்கும் சர்வரில் ஓர் இணை உண்டு. மண்டலப் பட்டியல் ஒரு பொருள், வார்டுப் பட்டியல் ஒரு பொருள், இரண்டையும் அடக்கிய முகவரிப் பெட்டியும் ஒரு பொருள். இவற்றில் எதனோடும் ஒரு பிஹேவியரை, அதாவது ஒரு நடத்தையை, ஒட்டலாம். 'உன் மதிப்பு மாறினால் சர்வரிடம் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான் அந்த நடத்தை. பக்கம் எழுதப்படும்போது இது தன் பங்குக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்டையும் ஒரு முகவரியையும் சேர்த்து எழுதிவிடும். 'படிவம், அதற்குள் முகவரி, அதற்குள் மண்டலம்' என்று வீட்டுக்கு வழி சொல்வது போல இருக்கும் அந்த முகவரி. அந்த அம்மா 'அடையாறு' என்று தேர்ந்தெடுத்த நொடியில் பிரவுசர் அந்த வழியைச் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் பெட்டி பெட்டியாக உள்ளே இறங்கி, மண்டலப் பொருளைக் கண்டுபிடித்து, அதனோடு ஒட்டியிருக்கும் நடத்தையை எழுப்புகிறது. நடத்தை, புதுப்பிக்க வேண்டிய பெட்டிகளைப் பட்டியலிடுகிறது. அந்தப் பெட்டிகளின் புது வடிவம் மட்டும் திரும்பி வருகிறது. பிரவுசர் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைக்கிறது.

இந்த 'எடுத்துவிட்டு வைப்பது' என்பதில்தான் எல்லாப் பிரச்சினையும் பிறக்கிறது.

திருவான்மியூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கதவு எண் வீட்டுக்கு உரியது, குடியிருப்பவர் மாறுவார். பால்காரர் ஒரு வீட்டுக்காரரிடம் 'நாளையிலிருந்து நீங்களே கீழே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருக்கிறார் என்று வையுங்கள். அவர் காலி செய்துகொண்டு போனதும் அந்தச் செய்தியும் அவரோடு போய்விடும். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. அதே செய்தி கீழே வாட்ச்மேனிடம் இருந்தால் எத்தனை பேர் வந்து போனாலும் நிற்கும்.

பிரவுசரிலும் அதேதான். ஒரு பெட்டியின்மேல் நேராக ஒரு 'காதை', அதாவது அங்கே நடப்பதைக் கேட்டுச் செயல்படும் ஒரு துண்டு நிரலை, மாட்டினால், அந்தப் பெட்டியை மாற்றும்போது காதும் போய்விடும். 2009-ல் எனக்கு இது நடந்தது. வார்டு பட்டியலின்மேல், பக்கம் ஏறி முடிந்ததும், நானே எழுதிய ஸ்கிரிப்டால் ஒரு காதை மாட்டியிருந்தேன். முதல் முறை வார்டைத் தேர்ந்தெடுத்தால் தெருப் பட்டியல் வரும். மண்டலத்தை மாற்றி, புதிதாக வந்த வார்டுப் பட்டியலில் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சலனமும் இருக்காது. பிழைச் செய்தியும் வராது. சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே ஒரு முறை சோதித்து 'சரி' என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் தேடினேன். திரையில் இருந்த வார்டுப் பட்டியல் பழையதைப் போலவே தெரிந்தாலும் அது புதுக் குடித்தனம் என்பது இரண்டாம் நாள் மாலையில்தான் உறைத்தது. அந்தக் காதை ஃப்ரேம்வொர்க்கின் நடத்தையாகவே ஒட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. பெட்டியை மறுபடி எழுதும் ஒவ்வொரு முறையும் விக்கெட் காதையும் மறுபடி மாட்டிவிடும்.

வாட்ச்மேன் வழிக்கும் ஒரு வரலாறு உண்டு. உள்பெட்டியில் ஒரு கிளிக் நடந்தால் அந்தச் செய்தி அங்கேயே நின்றுவிடுவதில்லை. தண்ணீரில் குமிழி எழுவது போல, அடுத்த வெளிப்பெட்டி, அதற்கும் வெளிப்பெட்டி என்று மேலேறிப் பக்கத்தின் எல்லை வரை போகும். தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப் பிரவுசர் செய்தியை வெளியிலிருந்து உள்ளே இறக்கியது. மைக்ரோசாஃப்ட் உள்ளிருந்து வெளியே ஏற்றியது. ஒரே பக்கத்துக்கு இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. 2000 நவம்பரில், வலைக்கான பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட விதி இரண்டையும் சேர்த்துக்கொண்டது: செய்தி முதலில் இறங்கும், இலக்கைத் தொடும், பிறகு மேலேறும். அதனால் உள்ளே நடப்பதை வெளிப்பெட்டியில் இருந்தே கேட்க முடிகிறது. உள்ளே யார் வந்தாலும் போனாலும் வெளிப்பெட்டியின் காது அப்படியே இருக்கும்.

ஆனால் எல்லாச் செய்தியும் மேலேறாது. ஒரு கட்டத்துக்குள் கர்சர் நுழைந்தது, வெளியேறியது என்ற இரு செய்திகளும் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், எட்டாம் பதிப்பு வரை, 'மதிப்பு மாறியது' என்ற செய்திகூட ஏறாது. அன்றைக்கு அலுவலகக் கணினிகளில் இருந்தது பெரும்பாலும் அந்தப் பிரவுசர்தான் என்பதால் மண்டலப் பட்டியலை வெளியிலிருந்து கேட்க நினைத்தவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள்.

சில இடங்களில் வெளிப்பெட்டியில் ஒட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை. 'சொந்த வீடு', 'வாடகை வீடு' என்ற இரண்டு வட்டங்களை எண்ணிப் பாருங்கள். கிளிக் நடப்பது ஒரு வட்டத்தின்மேல். பதிலோ இரண்டையும் அடக்கிய குழுவுக்கு உரியது. தனித்தனி வட்டத்தில் நடத்தையை ஒட்டினால் யாருடைய பதில் மாறியது என்று சர்வருக்குப் புரியாது. விக்கெட்டில் இதற்கென்றே தனி நடத்தை இருக்கிறது. அதைக் குழுவின்மேல் ஒட்டினால் உள்ளிருந்து ஏறிவரும் கிளிக்கைப் பிடித்து, குழுவின் பதிலாகவே சர்வருக்கு அனுப்பும்.

கதவு எண் இல்லாத வீட்டில் தபால் சேராது. பிரவுசரில் அந்த எண்ணின் பெயர் ஐடி. விக்கெட் தானாக எல்லாப் பெட்டிக்கும் ஐடி எழுதாது. புதுப்பிக்கப்போகும் பெட்டிக்கு 'உன் ஐடியையும் சேர்த்து எழுது' என்று நாம்தான் ஒரு வரி சொல்ல வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் மறக்கும் முதல் வரி இது. இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும்வரை வார்டுப் பட்டியலே தெரிய வேண்டாம் என்று அதை மறைத்துவைத்தால், பக்கத்தில் அந்தப் பெட்டி எழுதப்படவே இல்லை. பிறகு புது வார்டுப் பட்டியல் வந்து நிற்கும்போது வைக்க இடம் இருக்காது. ஆள் குடிவராத வீட்டுக்கும் எண் எழுதிய கதவு ஒன்று வேண்டும். அதற்காகக் கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் பெட்டி ஒன்றை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லலாம். குடும்ப உறுப்பினர்களை வரிசை வரிசையாகச் சேர்க்கும் பட்டியலுக்கு அந்த வழியும் கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் கதவு உண்டு. வரிசைகளைத் திரும்பத் திரும்ப எழுதும் காம்பொனென்ட்டுக்குத் தனக்கென ஒரு கதவு இல்லை. அதைப் புதுப்பிக்கச் சொன்னால் விக்கெட் முகத்துக்கு நேராக மறுத்துவிடும். அதைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, அந்தப் பெட்டியைப் புதுப்பிக்க வேண்டும்.

இனி அந்த அம்மாவின் பெயருக்கு வருகிறேன்.

மண்டலம் மாறியதும் சர்வருக்குப் போவது மண்டலத்தின் மதிப்பு மட்டும். சின்னச் செய்தி, வேகமான பதில் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரிதான். பெயர், கணவர் பெயர், கதவு எண் எல்லாம் இன்னும் பிரவுசரில்தான் இருக்கின்றன. சர்வரைப் பொறுத்தவரை அந்தக் கட்டங்கள் காலி. இந்த நிலையில் நடத்தை 'வார்டுப் பட்டியலைப் புதுப்பி' என்று சொன்னால் வார்டு மட்டும் மாறும், மேலே இருப்பதை யாரும் தொடமாட்டார்கள். எழுதியவர் அப்படிச் சொல்லாமல் 'முழுப் படிவத்தையும் புதுப்பி' என்று சொல்லிவிட்டார். சர்வர் தனக்குத் தெரிந்தபடி படிவத்தை எழுதியது. அதற்குத் தெரிந்த பெயர்க் கட்டம் காலியானது. அந்தக் காலிக் கட்டம் வந்து அடித்த பெயர்மேல் உட்கார்ந்தது. ஒரு கண வெளுப்பு அதுதான்.

ஏன் அப்படி எழுதினார்கள்? சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. 'தற்போதைய முகவரி', 'நிரந்தர முகவரி' என்று நம் படிவங்களில் இரண்டு வரும். அதனால் முகவரிப் பெட்டியை ஒருவர் ஒருமுறை செய்துவிட, அதையே இரண்டு இடத்திலும் வைப்பார்கள். உள்ளே இருக்கும் மண்டலப் பட்டியலுக்கு நடத்தையை ஒட்டுபவர் முகவரிப் பெட்டியைச் செய்தவர். வெளியே படிவத்தைச் செய்தவர் வேறொருவர். மண்டலம் மாறினால் படிவத்தின் அடியில் இருக்கும் 'உங்கள் மண்டல அலுவலகம்' என்ற வரியும் மாற வேண்டும் என்று வெளியே இருப்பவர் கேட்கிறார். உள்ளே இருப்பவருக்கு அந்த வரி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, தெரிந்திருக்கவும் கூடாது. தெரிந்தால் அந்தப் பெட்டியை இன்னொரு படிவத்தில் வைக்க முடியாது. கடைசியில் 'எதற்கு வம்பு' என்று முழுப் படிவத்தையும் புதுப்பித்துவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு மூத்த பெண்மணியின் கால் மணி நேர உழைப்பு விழுந்துவிடுகிறது. இதை நான் பொறுத்துக்கொள்ளத் தயாரில்லை. எங்கள் வசதிக்கான விலையை அவர் கொடுக்கக் கூடாது.

தீர்வு இருக்கிறது. 2011-ல் வந்த விக்கெட் 1.5 இதற்கென்றே ஒரு வழியைச் சேர்த்தது. மண்டலப் பட்டியல் மாறினால் அது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மண்டலம் மாறிவிட்டது' என்று ஓர் அறிவிப்பை மட்டும் விடுகிறது. அந்த அறிவிப்பு சர்வரில் இருக்கும் பொருள்களின் ஊடே, பிரவுசரில் கிளிக் ஏறியது போலவே, பெட்டி பெட்டியாக மேலேறும். முகவரிப் பெட்டி அதைக் கேட்டு வார்டைப் புதுப்பிக்கும். படிவம் அதைக் கேட்டுத் தன் அடியில் இருக்கும் அலுவலக வரியைப் புதுப்பிக்கும். பெயர்க் கட்டத்துக்கு இதில் வேலையே இல்லை. அதை யாரும் தொடமாட்டார்கள். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரை அறிய வேண்டாம். எனக்கு இந்த ஒரு ஏற்பாடு அவ்வளவு பிடிக்கும்.

இன்னொரு வழி, அஜாக்ஸே வேண்டாம் என்பது. 200 வார்டுகளின் பட்டியல் ஒரு சின்னப் புகைப்படத்தின் அளவுகூட வராது. அதை முதலிலேயே பக்கத்தோடு அனுப்பிவிட்டால் மண்டலம் மாறும்போது சர்வரைக் கேட்கவே தேவையில்லை. தெருக்கள் அப்படியில்லை, அவற்றைக் கேட்டு வாங்குவதுதான் நியாயம். எங்கே கேட்பது, எங்கே கையோடு அனுப்பிவிடுவது என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

சிக்னல் குறைந்த செல்போனில் வேறொரு தொல்லை. ஒருவர் கைதவறிப் 'பெருங்குடி'யைத் தொட்டு, உடனே திருத்தி 'அடையாறு' என்று மாற்றுகிறார். இரண்டு கேள்விகள் போய்விட்டன. அடையாறின் பதில் முதலில் வந்து, பெருங்குடியின் பதில் தாமதமாக வந்தால், மண்டலம் அடையாறு என்று காட்ட, கீழே பெருங்குடியின் வார்டுகள் நிற்கும். விக்கெட் இயல்பாகக் கேள்விகளை வரிசையில் நிறுத்தி ஒன்று முடிந்த பின்தான் அடுத்ததை அனுப்பும். பழையதைக் கைவிட்டு, கடைசியாக வந்ததை மட்டும் கவனிக்கச் சொல்லவும் வழி உண்டு. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இந்த ஏற்பாட்டையும் தாங்களே செய்துகொள்ள வேண்டும். எப்படி இருந்தாலும் கடைசியில் வந்து சேரும் வார்டு அந்த மண்டலத்தில் இருக்கிறதா என்று சர்வர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பிரவுசரிலிருந்து வருவதை அப்படியே நம்பக் கூடாது.

பார்வையற்ற ஒருவர் இதே படிவத்தைத் திரைவாசிப்பான் வைத்து நிரப்புகிறார் என்று வையுங்கள். அவர் கர்சர் நிற்கும் பெட்டியே மாற்றப்பட்டால் கர்சர் இருந்த இடம் மறைந்துவிடும். அவர் மறுபடி பக்கத்தின் தொடக்கத்திலிருந்து தடவித் தடவி வர வேண்டும். கடைசியாக எந்த ஐடியில் கர்சர் இருந்தது என்று விக்கெட் நினைவில் வைத்து, புதுப் பெட்டி வந்ததும் அங்கேயே கொண்டுபோய் வைக்க முயலும். அதற்கும் அந்தக் கதவு எண் மாறாமல் இருக்க வேண்டும். வார்டுப் பட்டியல் மாறியதை அவருக்கு வாய்விட்டுச் சொல்லவும் ஒரு குறிப்பை அந்தப் பெட்டியைச் சுற்றி எழுதிவைக்க வேண்டும். பார்ப்பவருக்கு அசைவு தெரியும். கேட்பவருக்குச் சொன்னால்தான் தெரியும்.

என் பிரிண்ட் வந்துவிட்டது. அந்த அம்மா பையன் சொன்னபடியே மண்டலம், வார்டு, தெரு மூன்றையும் முதலில் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் படிவம் வெளுத்துத் திரும்புவதைக் காத்திருந்து பார்த்தார். பிறகு மேலே போய் முதலெழுத்தை அடித்து, புள்ளி வைத்து, பெயரைத் தொடங்கினார். நான் கிளம்பும்போது அவர் விரல் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.